வசந்தத்துக்கு விமானம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் பருவங்களைப் பற்றி வந்த கட்டுரையை முழுக்கப் படித்தேன். பாதியிலேயே மூடி வைத்திருக்க வேண்டியது. சந்தா கட்டிய தோஷம், படித்து முடித்தேன். “நமக்கு ஏது வசந்தம்? கோடை, கடுங்கோடை, கொடுங்கோடை, அவ்வளவுதான். வசந்தம் பார்க்க ஆசையிருந்தால் விமானம் ஏறுங்கள்” என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். பக்கத்திலேயே அரைப்பக்கத்துக்குச் செர்ரிப் பூ. அரதப்பழசான இந்த நகைச்சுவைக்கு நீங்களும் சிரித்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்பியிருப்பீர்கள்.

விமானம் ஏற எனக்கு வசதியும் இல்லை, முழங்காலும் இடம் கொடுக்காது. காலையிலும் மாலையிலும் பின்வாசல் படியில் உட்காருவதோடு என் பயணம் முடிந்தது. அங்கே உட்கார்ந்தபடி நான் பார்ப்பதற்குப் பெயர் வசந்தம் இல்லையென்றால் வேறு என்னவென்று அவரிடமே கேட்டுச் சொல்லுங்கள்.

இந்த வருடம் எல்லாமே கொஞ்சம் முந்திக்கொண்டது. பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையும் வைகாசியும். மாசியும் பங்குனியும் பின்பனி. ஆனால் மாசி பிறந்த கையோடு எங்கள் வேம்பு இலையை மஞ்சளாக்கிக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி அவ்வளவு கிடக்கும். பழைய இலை முழுதும் உதிர்ந்து முடிவதற்குள்ளேயே நுனிகளில் கொழுந்து. பச்சை இல்லை ஐயா, செம்பு நிறம். எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்பு. காலை வெயில் அதன் ஊடாக வரும்போது ஒவ்வொரு குருத்திலும் நரம்பு தனித்தனியாகத் தெரியும். தெருமுனை அரசமரமும் இதே நிறத்தில்தான் துளிர்க்கிறது. புங்கமரம் சீக்கிரமே இளம்பச்சைக்குப் போய்விடும்.

கட்டுரையாளருக்கு ஒன்று புரியவில்லை. குளிர் நாடுகளில் மரம் குளிருக்குப் பயந்து உறங்கி, வெப்பம் ஏற ஏற விழிக்கிறது. இங்கே கதையே வேறு. மழை ஓய்ந்து மண் காயும் காலத்தில், தண்ணீரைச் செலவழிக்கும் பழைய இலைகளை மரம் உதறுகிறது. தண்டிலும் ஆழத்து வேரிலும் இருக்கிற நீரைக் கொண்டு, பகல் நீளத் தொடங்கும்போது, ஒரு சொட்டு மழை பெய்யாமலே துளிர்க்கிறது. முள்ளிலவு இன்னும் ஒரு படி மேல். ஓர் இலை இல்லாமல் மொட்டைக் கிளையில் கையளவு சிவப்புப் பூக்களை வைத்துக்கொண்டு மைனாவுக்கும் காக்கைக்கும் விருந்து வைக்கும். மழை வரும்வரை காத்திராமல் வறட்சியிலேயே துளிர்ப்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அதைப் போய் ‘கடுங்கோடை’ என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டீர்கள்.

வேம்பு என்று எழுதும்போதே பழைய வயிற்றெரிச்சல் வந்துவிடுகிறது. உங்கள் தோட்டப் பகுதியில் ஒரு வாசகர், மாசியில் வேப்பமரம் இலையெல்லாம் கொட்டுகிறதே என்று கேட்டிருந்தார். “கருகல் நோயாக இருக்கலாம், வெட்டி அப்புறப்படுத்துவது நல்லது” என்று பதில். உங்களுக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கவில்லை. பின்வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தன் வீட்டு வேம்பை அறுக்க ஆள் கூட்டி வந்தார். நான் சுவரோரம் போய், தொங்கிய கிளையை நகத்தால் சுரண்டிக் காட்டினேன். தோலுக்கு அடியில் பச்சை, ஈரத்தோடு. “பத்திரிகையிலேயே போட்டிருக்கேம்மா” என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? சாயங்காலத்துக்குள் அடிமரம்தான் மிச்சம்.

கருகல் வந்தால் இலை மஞ்சளாகி உதிராது. கிளை நுனியிலிருந்து பழுப்பேறிக் காய்ந்து, இலைகள் கருகியபடி தொங்கும். அதுவும் பெரும்பாலும் மழைக்காலத்திலும் அடுத்து வரும் பனியிலும் தலைகாட்டுவது. அப்படி வந்த மரங்களும் பெரும்பாலும் மறுபடி துளிர்க்கின்றன. இதையெல்லாம் அப்போதே எழுதி அனுப்பினேன். “இடமின்மை காரணமாக” என்று ஓர் அட்டை வந்தது. அந்த வாரம் பல்பசை விளம்பரத்துக்கு இடம் இருந்தது.

அப்புறம் குயில். ‘பெண் குயிலின் இன்னிசை’ என்று எத்தனை முறைதான் போடுவீர்கள்? விடியுமுன்னே ஆரம்பித்து ஒவ்வொரு கூவலிலும் சுருதியை ஏற்றிக்கொண்டே போவது ஆண். உடம்பெல்லாம் கறுப்பு, கண் சிவப்பு. பெண் பழுப்பு, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளியும் கோடும். அது ‘கிக் கிக்’ என்று கத்துவதை இன்னிசை என்று சொன்னால் குயிலே ஒப்புக்கொள்ளாது. முட்டையிடுவதும் காக்கைக் கூட்டில். குஞ்சுக்கு இரை தேடுகிற வேலையைக் காக்கையின் தலையில் கட்டிவிட்டுத்தான் இவ்வளவு பாட்டும். பனிக்காலம் முழுவதும் வாயைத் திறக்காமல் இங்கேயே பழம் தின்றுகொண்டிருந்த பறவை அது. வசந்தத்தைத் தூக்கிக்கொண்டு எங்கிருந்தோ பறந்து வந்ததாக நீங்கள் எழுதுவதும் தப்பு.

தேன்சிட்டைப் பற்றி உங்கள் பத்திரிகை எழுதியதே இல்லை என்பதால் அதில் பிழையும் இல்லை. பனிக்காலத்தில் ஆண் ஊதாத் தேன்சிட்டுக்கு வயிறு மஞ்சள், நடுவில் ஒரே ஒரு கறுப்புக் கோடு. அப்புறம் திட்டுத் திட்டாகக் கறுத்து, இப்போது முழு ஊதா. வெயிலில் திரும்பினால் நீலம் மின்னுகிறது. பெண் எங்கள் துணிக்கொடியின் ஓரத்தில் சிலந்தி வலையையும் சருகையும் சேர்த்துக் கூடு பின்னுகிறது. ஆண் கூடக்கூட வந்து கத்துவதோடு சரி, ஒரு நார் எடுத்துக் கொடுப்பதில்லை. அந்தக் கொடியில் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டோம். வீட்டில் இதற்காக ஒரு சண்டையும் நடந்தது, அது வேறு.

சரி, நீங்கள் போட்ட செர்ரிக்கே வருகிறேன். ஜப்பானின் கியோட்டோவில் அது எப்போது பூத்தது என்பதற்கு 9ஆம் நூற்றாண்டிலிருந்து குறிப்புகள் கிடைக்கின்றன. 2021இல் மார்ச் 26ஆம் தேதியே முழுதாகப் பூத்துவிட்டது. அதற்கு முந்தைய ஆயிரத்து இருநூறு ஆண்டுக் குறிப்புகளிலும் அவ்வளவு முந்திப் பூத்ததில்லை. உலகம் சூடாவதற்கு அதைச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். எப்படிக் காட்ட முடிகிறது? எவனோ ஒருவன் நாட்குறிப்பில் ‘இன்று பூத்தது’ என்று எழுதி வைத்ததால். எங்கள் வேம்பு இவ்வளவு முந்தியதும் அந்தச் சூட்டினாலா, இல்லை போன வருட மழையின் கோளாறா? சொல்லத் தெரியவில்லை. ஒரு துளிருக்குச் சந்தோஷப்படும்போதே அடிவயிற்றில் ஒரு சந்தேகமும் இருக்கத்தான் செய்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் என்ன குறிப்பு இருக்கிறது? வாசகர்கள் கண்டதை எழுத உங்களிடமே ‘வாசலில் கண்டது’ என்று கால் பத்தி இருந்தது. முதல் குயில், முதல் பூ என்று ஊர் ஊராக எழுதினார்கள். அதை நிறுத்திவிட்டு ராசிபலனை நீட்டினீர்கள். மகர ராசிக்காரர்களுக்கு நல்லது நடந்திருந்தால் மகிழ்ச்சி.

கால் பத்தியைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி அட்டை வரும். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த இதழில் எங்காவது ஒரு மூலையில் வேப்பங்கொழுந்தின் படம் ஒன்று போடுங்கள். அஞ்சல்தலை அளவு போதும். எடுக்க ஆள் இல்லையென்றால் என் பேத்தி கைப்பேசியில் எடுத்தது இருக்கிறது, அனுப்பி வைக்கிறேன். பெயர் போட வேண்டாம், சன்மானமும் வேண்டாம். கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள், செம்பு நிறம் தெரியாமல் போய்விடும்.

இப்படிக்கு,
இன்னும் சந்தாவை நிறுத்தாத ஒரு வாசகி