அந்த ஐந்து பாட்டை ஏன் பூட்டி வைத்திருக்கிறாய்?

அன்பு நண்பா,

உன் கடிதமும் ஐந்து பாட்டும் கிடைத்தன. வீடு மாற்றும் கலவரத்தில் பதில் தள்ளிப்போய்விட்டது. பெட்டிகளில் பாதி இன்னும் பிரிக்காமல் கிடக்கின்றன, ஸ்பீக்கரை மட்டும் முதல் நாளே மாட்டிவிட்டேன், அதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை. பெரியவள் டிரம்ஸ் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இப்போதைக்குச் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள், பார்க்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முழு ஆல்பம் தயாராகும்வரை ஒரு பாட்டைக்கூட வெளியே விடுவதில்லை என்று உங்கள் பேண்டில் முடிவெடுத்திருப்பதாக எழுதியிருக்கிறாய். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆர்.இ.எம். என்கிற அமெரிக்க ராக் பேண்டின் 'க்ரானிக் டவுன்' இ.பி.யை, அதாவது ஆல்பத்தைவிடச் சின்ன அந்தத் தொகுப்பை, நீதானே எனக்கு அறிமுகப்படுத்தினாய்? அதுவும் ஐந்தே பாட்டு, மொத்தம் இருபது நிமிடம் சொச்சம். ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸிலிருந்து கிளம்பிய நாலு பையன்கள், 1981 அக்டோபரில், வட கரோலினாவில் தயாரிப்பாளர் மிட்ச் ஈஸ்டர் தன் பெற்றோர் வீட்டு கராஜில் வைத்திருந்த ஸ்டுடியோவில் போய்ப் பதிந்தது. 1982 ஆகஸ்டில் ஐ.ஆர்.எஸ். என்கிற இசைத்தட்டுக் கம்பெனி வெளியிட்டது. முதல் ஆல்பமான 'மர்மர்' வந்தது அடுத்த வருஷம் ஏப்ரலில்தான்.

உன் பாட்டுகளைக் கேட்டுவிட்டு நேற்று ராத்திரி 'க்ரானிக் டவுனை' மறுபடி போட்டேன். 'கார்டனிங் அட் நைட்' தொடங்கும்போது பீட்டர் பக் கிடாரை வாரி அடிப்பதே இல்லை, கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்க வேண்டிய சுரங்களை, ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டிக்கொண்டே போகிறார், அதற்குக் கீழே மைக் மில்ஸின் பேஸ் துணைக்கு நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டைப் பாடிக்கொண்டு ஓடுகிறது. பாடகர் மைக்கேல் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று இன்றுவரை எனக்கு முழுசாகப் பிடிபடவில்லை. அந்தக் குரலை மிக்ஸில் கிடாருக்கு மேலே தூக்கி வைத்திருந்தால் நாமெல்லாம் வரியைப் புரிந்துகொண்டு அத்தோடு விட்டிருப்போம் என்று தோன்றுகிறது. 'கார்னிவல் ஆஃப் சார்ட்ஸ்' ஆரம்பத்தில் திருவிழா ராட்டினத்துப் பெட்டி இசை மாதிரி ஒன்று வந்து சட்டென்று காணாமல் போகுமே, அதையெல்லாம் கம்பெனிக்காரர்கள் நிறையப் பேர் கூடி உட்கார்ந்து யோசித்திருந்தால் வெட்டியிருப்பார்கள். கம்பெனி தலையிடவே இல்லை என்றும் சொல்ல முடியாது, அதே இ.பி.யின் 'வுல்வ்ஸ், லோயர்' பாட்டு வேகம் அதிகம் என்று திரும்பப் பதியச் சொன்னார்கள், அது நல்லதாகவே முடிந்தது.

'மர்மர்' இதைவிடப் பெரிய படைப்புதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நடந்ததைப் பார். ஆல்பத்துக்காகக் கம்பெனி வேறொரு தயாரிப்பாளரை வைத்து ஒரு பாட்டைப் பதிந்து பார்த்தது. அவர் டேக் மேல் டேக் எடுக்கவைத்துவிட்டு, கடைசியில் சின்தசைசரையும் சேர்த்திருக்கிறார். பேண்டுக்கு வெறுத்துப்போய்விட்டது. ஈஸ்டரிடமே திரும்பிப் போக வேண்டும் என்று நின்றார்கள், இந்த முறை டான் டிக்சனும் இன்னொரு தயாரிப்பாளராகச் சேர்ந்துகொண்டார். தங்களுக்கு எது சரிப்படும் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு, ஏற்கெனவே ஐந்து பாட்டு கடையில் கிடைத்துக்கொண்டிருந்ததும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. உங்களுக்கு அப்படிக் கையில் காட்ட ஒன்றும் இல்லை. ஆல்பம் முடிவதற்குள் ஆளுக்கொரு யோசனை சொல்லி, இருக்கிற சத்தத்தையும் கெடுத்துவிடுவீர்கள்.

உன் பாட்டுகளைப் பற்றி: மூன்றாவதுதான் முதலில் வர வேண்டும். இரண்டாவதில் உன் குரல் ரொம்ப முன்னால் நிற்கிறது, கொஞ்சம் இறக்கு. நாலாவதில் டிரம்ஸ் ஒரு இடத்தில் தடுமாறி மறுபடி பிடித்துக்கொள்கிறதே, அதைத் திருத்துவதாக எழுதியிருக்கிறாய், தயவுசெய்து கை வைக்காதே. ஐந்தாவது நீளம், அந்த நடுப்பகுதி இரண்டு சுற்றுக்குப் பதில் ஒன்று போதும். அப்புறம், முன்னட்டையில் உங்கள் நாலு பேர் முகத்தையும் போடும் யோசனையைக் கைவிடு. 'க்ரானிக் டவுன்' அட்டையில் ஆர்.இ.எம். பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்துக் கல்பூதத்தை அல்லவா போட்டார்கள்!

மற்றவர்களிடமும் இந்தக் கடிதத்தைக் காட்டு, திட்டினால் என்னைத் திட்டட்டும். இரண்டாவது பாட்டின் புது மிக்ஸை அனுப்பு, கேட்டுவிட்டு உடனே எழுதுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரிதம் கிடார்