எதிர்வீட்டு மாடிக்கு வெளிச்சம் அடிக்கும் எல்இடி பல்பு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும், அப்படி ஒருவர் அங்கே இருந்தால் குறைதீர் அலுவலருக்கும் வணக்கம்.

ஜூன் 9ஆம் தேதி உங்கள் சொந்த இணையதளத்தில் 2,899 ரூபாய் கட்டி என் பைக் ஹெட்லைட்டுக்கு ஒரு எச்4 (டிம், பிரைட் இரண்டும் ஒன்றாக உள்ள ரகம்) எல்இடி பல்பு வாங்கினேன், பில்லை இத்துடன் இணைத்திருக்கிறேன். அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி உங்கள் ஆட்களிடம் மூன்று முறை பேசியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வந்து "சொல்லுங்க சார், என்ன பிரச்சினை" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். அதனால் மொத்தத்தையும் ஒரே கடிதத்தில் எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், நான் உங்கள் லைனில் காத்திருந்த நேரத்தைவிடக் குறைவுதான்.

நான் பல்லடம் பக்கம் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் பிரிவில் இருக்கிறேன், வீடு உடுமலை. செகண்ட் ஷிப்ட் முடிந்து நள்ளிரவு 12 மணிக்கு மேல் குடிமங்கலம் வழியாக வண்டியில் வீடு திரும்புகிற ஆள். ஊருக்குள்தான் தெருவிளக்கு, மிச்சமெல்லாம் தென்னந்தோப்பும் காற்றாலையும் கும்மிருட்டும், எதிரே வருவது தேங்காய் லாரியும் கோழி வண்டியும். என் வண்டி 2016 மாடல், 350 சிசி, வட்ட டூம் (ஹெட்லைட் கிண்ணம்), பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55 வாட் என்ற ஹாலஜன், அதாவது கம்பிச் சுருள் பல்பு. (ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்ற விதி 2017 ஏப்ரலில் வந்தது, என்னுடையது அதற்கு முந்தியது, சுவிட்ச் உண்டு.) வெளிச்சம் போதவில்லை என்பது உண்மை. அதனால்தான் "டூமை மாற்ற வேண்டாம், ஒயரை வெட்ட வேண்டாம், கழற்றி மாட்டினால் போதும், 120 வாட், 20,000 லூமென், நெடுஞ்சாலை இரவுப் பயணத்துக்கு ஏற்றது" என்று நீங்கள் போட்டிருந்ததைப் பார்த்து வாங்கினேன்.

முதல் நாள் எனக்கும் சந்தோஷம்தான். வாசலில் ஸ்டார்ட் செய்ததும் எதிர்வீட்டு மொட்டை மாடி வரை வெள்ளையாகப் பளிச்சென்று ஆனது, என் பையன் கை தட்டினான். டிம்மில் இருக்கும்போது எதிர்வீட்டு மாடி எதற்குத் தெரிய வேண்டும் என்று நான் அப்போதே யோசித்திருக்கலாம்.

அன்று ராத்திரி ரோட்டில் விஷயம் புரிந்தது. பக்கத்துத் தென்னையில் எத்தனை குலை என்று எண்ணலாம் போலிருந்தது, ஆனால் வண்டிக்கு இருபது அடிக்கு அப்பால் தார் எங்கே, மண் எங்கே என்று தெரியவில்லை. வண்டிக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திட்டு, அதைத் தாண்டிப் புகை மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான். மூன்றாம் நாள் சாரல் வேறு. நனைந்த தார் அந்த வெள்ளை வெளிச்சத்தை அப்படியே விழுங்கிவிட்டது. அன்றுதான் எதிரே மொபெட்டில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெரியவர் கண் கூசி ரோட்டை விட்டு இறங்கி, மண்ணில் சறுக்கி விழுந்தார். நான் டிம்மில்தான் வந்தேன். தூக்கி நிறுத்தினேன், முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. "ஏப்பா, இப்படியா கண்ணைப் பறிக்கிற மாதிரி லைட்டைப் போட்டுட்டு வருவ?" என்றார். டிம்மில்தான் இருக்கிறதுங்க ஐயா என்று சுவிட்சைக் காட்டினேன். அவர் நம்பவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் மில்லில் குடோன் சுவருக்கு நேராக 8 மீட்டர் தூரத்தில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹெட்லைட் நடு உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தேன். பழைய ஹாலஜனைப் போட்டால் டிம் வெளிச்சம் கோட்டுக்குக் கீழேயே நிற்கிறது, மேல் விளிம்பு வெட்டினாற்போல் தெரிகிறது. உங்கள் பல்பைப் போட்டால் கோடு, விளிம்பு எதுவும் இல்லை, ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு வரைக்கும் வெளிச்சம். ஹெட்லைட் திருகைத் திருப்பி மொத்தமாகக் கீழே இறக்கியும் பார்த்தேன், அப்போது முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மட்டும் வெளிச்சம் குவிந்தது, மேலே சிதறுவது நின்றபாடில்லை. இரண்டுக்கும் போட்டோ இணைத்திருக்கிறேன்.

ஏன் இப்படி என்று உங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன். ஹாலஜன் எச்4 பல்பில் டிம்முக்கான ஃபிலமென்டுக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரித் தகடு இருக்கும். அது கீழ்ப்பக்க வெளிச்சத்தை மறைத்து, மேல்பாதி ரிஃப்ளெக்டரில் மட்டும் பட வைக்கும், அங்கே பட்டது ரோட்டை நோக்கிக் கீழே இறங்கும். டூமின் வளைவு முழுக்க அந்த மெல்லிய கம்பிச் சுருள் உட்காரும் இடத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் செய்தது, ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். உங்கள் பல்பில் எல்இடி சில்லு (வெளிச்சம் தரும் பொட்டு) ஒட்டிய தகட்டை வெர்னியர் அளவுகோலில் அளந்தேன், 4 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். அதுகூடப் போகட்டும். சில்லுகள் இடமும் வலமும் பார்த்து நிற்க வேண்டும், டூமில் மாட்டினால் உங்களுடையது மேலும் கீழும் பார்க்கிறது. கழுத்து வளையத்தைத் திருப்பிச் சரிசெய்யலாம் என்றால் அதையும் பசை போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

அடுத்தது வாட். ஒயரைக் கவ்வி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன், டிம்மில் 13.2 வோல்ட்டில் 1.7 ஆம்பியர். பெருக்கினால் 22 வாட்டும் சில்லறையும். டப்பாவில் 120. இந்த 98 வாட் எங்கே போனது? நல்ல எல்இடியே வாட்டுக்கு 100 லூமென் (வெளிச்சத்தின் அளவு), தாராளமாக வைத்தாலும் 150, அப்படிப் பார்த்தால் 3,400ஐத் தாண்டாது, நீங்கள் 20,000 என்கிறீர்கள். இதைக் கேட்டதற்கு உங்கள் இரண்டாவது ஆள், "சார், அது ஜோடிக்கான கணக்கு" என்றார். என் வண்டிக்கு ஒரே ஹெட்லைட்தான் இருக்கிறது. ஜோடியாக வைத்தாலும் கணக்கு வரவில்லை என்பது வேறு விஷயம்.

பல்புக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் பற்றி ஒரு வரி. அது டூமுக்குள் இருக்கிற ஒயர் கட்டில் இடிக்கிறது, ரப்பர் மூடி மூடவே மூடாது, மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் சாரல் உள்ளே போய்க் கண்ணாடியில் நீர் கோர்த்துக்கொள்கிறது. ஒயரை வெட்ட வேண்டாம் என்றீர்கள், சரி, எங்கே தள்ளி வைப்பது என்று சொல்லவில்லை.

இதையெல்லாம் சொன்னால் உங்கள் சேவைப் பிரிவில் கிடைத்த பதில் இது: "லைட் எரியுதா சார்?" எரியுதுங்க. "அப்போ பொருளில் குறை இல்லை சார்." மூன்றாவது ஆள் இன்னும் ஒரு படி மேலே போய், வண்டியில் பொருத்திய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது என்றார். ஹெட்லைட் பல்பை வண்டியில் மாட்டாமல் சாமி படத்துக்கு முன்னால் வைத்தா சோதித்துப் பார்ப்பது?

பிறகுதான் டப்பாவின் அடிப்பக்கம் பார்த்தேன். கடுகு எழுத்தில், பொதுச் சாலையில் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. விளம்பரத்தில் நெடுஞ்சாலைக்கு ஏற்றது, டப்பாவில் சாலைக்கே ஆகாது. இதில் எதை நான் நம்பியிருக்க வேண்டும்? மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதி, ஹெட்லைட் ஒளி கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், 8 மீட்டர் தூரத்தில் நிற்பவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது என்கிறது. நான் சுவர்ச் சோதனைக்கு 8 மீட்டர் எடுத்தது அதனால்தான். உங்கள் பல்பு அதில் தேறவில்லை, அது உங்களுக்கும் தெரியும், தெரியாமலா அந்த வரியை அச்சடித்தீர்கள்? போலீஸ் பிடித்தால் ஃபைன் கட்டப்போவது நான், அந்தப் பெரியவருக்குக் கை ஒடிந்திருந்தால் ஸ்டேஷனில் நிற்கப்போவதும் நான்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இப்போது எனக்கு வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது. உங்கள் பல்பால் அல்ல. பழைய ஹாலஜன் ஹோல்டரில் வோல்ட் பார்த்தபோது எஞ்சின் ஓடும்போதே 11.4தான் வந்தது, மீதி சுவிட்சிலும் மெல்லிய ஒயரிலும் கரைந்துகொண்டிருந்தது. பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) வைத்துத் தடித்த ஒயர் இழுத்தேன், பழைய சுவிட்ச் ரிலேயை இயக்குவதோடு சரி. இப்போது ஹோல்டரில் 13.1. ஹாலஜனில் வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறையும், அப்படியென்றால் இத்தனை வருஷம் எவ்வளவை இழந்திருப்பேன் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். அதே 60/55 பல்புதான், புதிதாக ஒன்று மாற்றினேன், மொத்தச் செலவு 850 ரூபாய். மின்வேலை செய்கிற நானே முதலில் ஒயரைப் பார்க்காமல் விளம்பரத்தைப் பார்த்தேன், அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது. ஆனால் அதற்கு 2,899 ரூபாய் அபராதம் அதிகம்.

எனக்கு வேண்டியது: முழுப் பணம், கூரியர் செலவு உங்களுடையது. அடுத்த மாடல், கூப்பன், வாலட் பாயின்ட் எதுவும் வேண்டாம். அப்புறம் அந்த விளம்பரத்திலிருந்து நெடுஞ்சாலை என்ற வார்த்தையையும் 120 வாட்டையும் எடுங்கள், அல்லது டப்பாவுக்கு அடியில் இருக்கும் வரியை அதே அளவு எழுத்தில் விலைக்குப் பக்கத்தில் போடுங்கள்.

2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி இந்தக் கடிதம் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம்கூடக் கிடையாது, எனக்கு மதியம் வரைக்கும் ஓய்வுதான்.

பல்பைத் துடைத்து அதே டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கூரியர் ஆளை மதியம் 2 மணிக்கு முன்னால் அனுப்புங்கள், அதற்கு மேல் நான் ஷிப்டுக்குக் கிளம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
உடுமலையிலிருந்து உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், சுவர்ப் படங்கள் 2, மீட்டர் படம், டப்பாவின் அடிப்பக்கப் படம் (பெரிதாக்கியது, இல்லாவிட்டால் உங்களுக்கும் படிக்க வராது)