தனி வரிசையை எடுத்துவிடுங்கள்

எங்கள் பிள்ளைகள் படிக்கும் திருப்பூர்ப் பள்ளியின் தலைமையாசிரியர் அவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோருக்கும்,

வணக்கம். காலை உணவுக்கு ஒடிசா, பீகார் பிள்ளைகளைத் தனி வரிசையில் உட்கார வைக்கும் ஏற்பாடு எப்படி வந்தது என்று உங்களுக்கே தெரியும். சில பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். வம்பு எதற்கு என்று நீங்களும் சரி என்றுவிட்டீர்கள். அந்த வரிசையை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன வாரம் மகனை விட வந்தபோது நேரில் பார்த்தேன். இரண்டாம் வகுப்பில் படிக்கும் ஒடியாக்காரச் சிறுமி தட்டில் பொங்கலை வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். பக்கத்துப் பையன் தன் தட்டை இழுத்துக்கொண்டு, "வடக்கச்சி, உன் வரிசைக்குப் போ" என்றான். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். பொங்கலில் கை வைக்கவில்லை. அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு விடிந்ததும் கிளம்பிவிடுகிறவர். அந்தத் தட்டை விட்டால் அவளுக்குக் காலையில் வேறு சாப்பாடு கிடையாது.

இன்னொரு சிறுமி தன் தட்டோடு எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு குடும்பமும் ஒரே லைன் வீட்டில் இருக்கிறார்கள். அம்மாக்கள் இருவரும் "அக்கா, அக்கா" என்று பழகுகிறவர்கள். "உன் இடத்துக்குப் போ" என்று அவளையும் திருப்பி அனுப்பினார்கள். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "வடக்கனுங்க வந்துதான் கூலி போச்சு" என்று வீட்டில் நாம் பேசுவதைத்தான் அவன் பள்ளியில் பேசுகிறான். கூலியைப் பற்றி முதலாளியிடமும் ஏஜென்டிடமும் கேட்போம், பிள்ளைகளிடம் எதற்கு? 2023 மார்ச்சில், வடமாநிலத்தவரைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பரவிய பொய் வீடியோக்களைப் பார்த்துத் தொழிலாளர்கள் பயந்தபோது, "பாதுகாப்பு உண்டு, போகாதீர்கள்" என்று அரசும் தொழில்துறையும் கேட்டுக்கொண்டன. அப்பா வேலைக்கு வேண்டும், பிள்ளை பந்திக்கு வேண்டாமா? பிழைக்கப் போன நம் ஆட்களை 1960-களில் பம்பாயில் "மதராசி" என்று விரட்டியதை இன்றும் வலியோடு சொல்கிறோமே.

அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதியர் கறுப்பினக் குழந்தைகள் முன் வெள்ளை பொம்மையும் பழுப்பு பொம்மையும் வைத்து, எது நல்லது என்று கேட்டபோது, பெரும்பாலோர் வெள்ளை பொம்மையைத்தான் நல்லது என்றார்கள். பள்ளிகளில் இனம் பிரித்து வைப்பது செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 தீர்ப்பில் கிளார்க்கின் ஆய்வும் எடுத்துக்காட்டப்பட்டது. பிரித்து உட்கார வைத்தால், தான் மட்டம் என்று பிள்ளையே நம்பிவிடும். பெரியவர்கள் நாமே பிரித்து வைத்துவிட்டு, அன்பாக இரு என்று அந்தப் பையனிடம் எப்படிச் சொல்வது?

வரிசையை எடுத்துவிடுங்கள். அடுத்த குழுக் கூட்டத்துக்கு அந்தப் பிள்ளைகளின் பெற்றோரையும் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் அவர்களால் வர முடியும். சத்தம் போட்ட பெற்றோரும் வரட்டும், எதிரெதிரே உட்கார்ந்து பேசுவோம். ஆனால் கூட்டம் வரைக்கும் காத்திருக்காமல், நாளைக் காலையிலேயே எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் வகுப்பு மாணவனின் தாய்