அந்த விரலைப் பற்றி

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை இந்த வருசம் கோத்தகிரியை விடுகிற மாதிரி இல்லை. ஊட்டிக்காரர்கள் ஆடியில் நனைந்தால் நாம் ஐப்பசி, கார்த்திகையில் நனைகிறோம், உனக்குத் தெரியாததா. பசுந்தேயிலை விலை பழைய பாட்டுத்தான். அப்பா செடிகளைக் கவாத்து வெட்டுவதைத் தள்ளிப் போட்டிருக்கிறார். சரி, அதெல்லாம் இருக்கட்டும். கை எப்படி இருக்கிறது?

"பரவாயில்லைம்மா" என்று மறுபடியும் சொல்லாதே. தீபாவளிக்கு முன்னாடி பட்ட காயம். தையல் பிரித்தாச்சு, தோல் மூடியாச்சு என்றாய். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது டம்ளரை ஆள்காட்டி விரல் படாமல் மற்ற விரல்களால் இடுக்கித்தான் காபி குடித்தாய். அந்த விரல் மட்டும் மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றது. பக்கம் பக்கமாக மெசேஜ் அடிக்கிறவள் நீ. இப்போது வாய்ஸ் மெசேஜ்தான் வருகிறது, அதுவும் ரெண்டு வார்த்தை. பெற்றவள் கண்ணுக்கு இது படாதா?

மேல்வீட்டு சிஸ்டரிடம் கேட்டேன். விரலின் இரண்டு பக்கமும் நரம்பு ஓடுகிறதாம், உள்ளங்கைப் பக்கம் விரல் அடியில் கண்ணாடி கிழித்தால் வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் அது வெட்டுப்பட்டிருக்கலாமாம். நீ கண்ணை மூடிக்கொண்டு நுனியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பஞ்சால் தொடச் சொல்லிப் பார். ஒரு பக்கம் மட்டும் மரத்திருக்கிறதா? தழும்பை லேசாகத் தட்டினால் கரண்ட் அடித்த மாதிரி நுனிக்கு ஓடுகிறதா? நுனிக்கணுவைத் தனியாக மடக்க முடிகிறதா? மடங்கவில்லை என்றால் தசைநாரையும் பார்க்க வேண்டும் என்கிறார். தோல் சீக்கிரம் ஒட்டிவிடும், நரம்பு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் வளருமாம், மாசத்துக்கு ஒரு இஞ்சு. முழுசாக அறுந்திருந்தால் தைக்க வேண்டியிருக்கும், நாள் கடத்தக் கடத்தத் தைப்பது கஷ்டம். அதனால்தான் சொல்கிறேன், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போ. அங்கே கைக்கென்றே தனிப் பிரிவு 1970-களிலிருந்து இருக்கிறது. உன் வீட்டிலிருந்து ஒரு பஸ்.

இன்னொன்று. உள்ளே சில்லு தங்கியிருந்தாலும் வலி விடாது. முள்ளோ மரச்சிராயோ என்றால் எக்ஸ்ரேயில் தெரியாது, ஆனால் கண்ணாடி பெரும்பாலும் தெரிந்துவிடும். எக்ஸ்ரே எடுக்கவே இல்லை என்று நீதானே சொன்னாய். கேட்டு வாங்கி எடுத்திருக்கக் கூடாதா, இவ்வளவு படித்த பிள்ளை?

என்னிடம் டம்ளர் கழுவும்போது உடைந்தது என்றாய். தங்கச்சியிடம் ஜன்னல் கண்ணாடி என்றாயாம். எதுவாக இருந்தாலும் கண்ணாடிதான்.

அந்த ராத்திரி நீயே துண்டைச் சுற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வந்தாயாமே. தைரியசாலி. அப்பாவிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில்தான் இருந்தார் என்று தங்கச்சி சொன்னாள். அவருக்கு உடம்பு முடியவில்லையோ என்னவோ.

ஸ்டான்லிக்குப் போகும்வரை இதைச் செய். வலிக்கிறது என்று தழும்பைத் தொடாமல் பொத்திப் பொத்தி வைக்காதே, வைத்தால் தொட்டதற்கெல்லாம் சுரீர் என்றே இருக்கும். தேங்காய் எண்ணெய் தொட்டு வட்டமாக நீவு. முதலில் பஞ்சால் வருடு, பழகின பிறகு பழைய காடாத் துணியால். அப்புறம் அரிசிப் பாத்திரத்துக்குள் கையை விட்டுத் துழாவு. தினமும் கொஞ்ச நேரம், பொறுக்கிற அளவுக்கு. சிவந்து சூடாக வீங்கினாலோ, விண்விண் என்று தெறித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ இதையெல்லாம் விட்டுவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் ஓடு. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதே, நான் சொன்னதாக யார் சொன்னாலும்.

பொங்கலுக்கு வருவாயா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நரம்பு பட்ட விரலுக்குக் குளிர் ஆகாதே. பெரியப்பாவைப் பார்த்திருக்கிறாய். கவாத்துக் கத்தி பட்டது எந்தக் காலத்திலோ, இன்றைக்கும் உறைபனி விழுகிற காலையில் அந்தக் கையைக் கம்பளியை விட்டு எடுக்க மாட்டார். பச்சைத் தண்ணீரில் பட்டால் நுனி வெளுத்துப் போகும். இருந்தாலும் நீ வா. உனக்குக் கையுறை வாங்கி வைத்திருக்கிறேன். பாத்திரம் நான் கழுவுகிறேன், துணி நான் துவைக்கிறேன். உன் அறையில் ஜன்னலோரம் காற்று வந்த இடத்தை அப்பா அடைத்துவிட்டார். நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

வரும்போது எக்ஸ்ரேயைக் கொண்டு வா. கைக்கு மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்றால் இங்கிருந்தே கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போகிறோம். ஆனால் பொங்கல் வரைக்கும் காத்திருக்காதே, ஸ்டான்லிக்கு இந்த வாரமே போ.

நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறிவிடு. அப்பா மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்கே வருவார், அந்தக் கையால் பையைத் தூக்காதே. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் நீ மட்டும் வா. எத்தனை நாள் இருப்பாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம். டிக்கெட் பணம் உன் கணக்கில் போட்டிருக்கிறார் அப்பா, உன் தனிக் கணக்கில்.

இப்படிக்கு,
அம்மா