பிராகில் பஸ் ஏன் இல்லை?

வணக்கம்.

அடுத்த மாதம் செக் நாட்டின் தலைநகர் பிராகுக்குக் கிளம்பும் உங்களுக்கு விசா, விமான டிக்கெட், ஓட்டல் விவரங்களைத் தனியாக அனுப்பிவிட்டோம். பயணத் திட்டத்தைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீர்கள்: "மூன்று நாளும் நடையா? ஊர் சுற்ற பஸ் கிடையாதா?"

கிடையாது. காசை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்யவில்லை. பழைய நகரத்துச் சந்துகளில் சுற்றுலா பஸ் நுழையாது. ஓரமாக எங்கேயோ இறக்கிவிடும். மணி பார்த்துப் பார்த்து அங்கேயே திரும்பி ஓட வேண்டும். அதற்கு டிராம் மேல். ஆளுக்கொரு 72 மணி நேர டிக்கெட் தருகிறோம். முதல் தடவை ஏறும்போது மட்டும் மஞ்சள் பெட்டியில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாவிட்டால், கையில் டிக்கெட் இருந்தும் அபராதம்தான்.

கோட்டைக்கு 22ஆம் எண் டிராம். மேட்டுக்கே கொண்டுபோய் விடும், படியேறி மூச்சு வாங்க வேண்டாம். உள்ளே புனித வீடஸ் பேராலயம். 1344இல் தொடங்கிய வேலை 1929இல்தான் முடிந்தது. வீட்டு மாடி இரண்டு வருடமாக இழுக்கிறதே என்று புலம்புகிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும்.

அப்புறம் இறக்கம். பஸ் வேண்டாம் என்றதே இதற்காகத்தான். நெருடோவா தெருவில் மெதுவாக இறங்கி, வாசல்களுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள். ஒரு வீட்டில் மூன்று பிடில், இன்னொன்றில் இரண்டு சூரியன், வேறொன்றில் தங்கச் சாவி. 1770இல் கதவு எண் வருவதற்கு முன்னால் இவைதான் முகவரி. பிடில் வீட்டில் பிடில் செய்கிறவர்கள் குடியிருந்தார்கள். இரண்டு சூரியன் வீட்டில் வாழ்ந்த எழுத்தாளர் யான் நெருடாவின் பெயர்தான் இப்போது தெருவுக்கு. பஸ் ஜன்னலில் இதில் ஒன்றும் தெரியாது.

கீழே சதுக்கத்தைத் தாண்டினால் சார்லஸ் பாலம். 1357இல் அடிக்கல் நாட்டியது. பகலில் தோளோடு தோள் இடிக்கும் என்பதால் ஒரு நாள் காலை ஆறு மணிக்கே கூட்டிப்போகிறோம், முணுமுணுக்காமல் எழுந்துவிடுங்கள். 1393இல் ஆற்றில் தள்ளப்பட்ட பாதிரியார் நேபோமுக் யோவானின் சிலை அங்கே இருக்கிறது. அதன் பீடத்து வெண்கலப் பலகை, பார்க்க வந்தவர்களின் கை பட்டுப் பட்டு ஓரிடத்தில் மட்டும் பளபளக்கும்.

1410ஆம் வருடத்து வானியல் கடிகாரத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். மணிக்கு ஒரு தடவை எலும்புக்கூடு மணியடிக்கும், ஏசுவின் சீடர்கள் பொம்மைகளாக வரிசையாக வந்து போவார்கள், கடைசியில் சேவல் கூவும். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். எல்லோரும் அண்ணாந்து நிற்கும் அந்த நேரம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு வேலை நேரம். பையை முன்பக்கம் மாட்டுங்கள்.

சென்ற முறை யூதர் குடியிருப்பைச் சனிக்கிழமையில் போட்டுவிட்டோம். அன்று அங்குள்ள அருங்காட்சியகம், பழைய கல்லறை எல்லாம் விடுமுறை. தவறு எங்களுடையது, இம்முறை வெள்ளிக்கு மாற்றியாயிற்று.

செலவுக்கு யூரோ அல்ல, கொருனா. ‘கமிஷன் இல்லை’ என்று பலகை வைத்த பணம் மாற்றும் கடைகளில் விகிதத்தைக் கேட்காமல் பணத்தை நீட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால், ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் போய் ரத்து செய்யச் சொல்லலாம், சட்டம் இருக்கிறது. ஏடிஎம்மில் ‘ரூபாயில் கணக்கிடவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

சைவக்காரர்களுக்குப் பொரித்த சீஸும், நம் அடை மாதிரி இருக்கும் உருளைக்கிழங்கு பிரம்போராக்கும் கிடைக்கும். இரண்டிலும் முட்டை சேர்ப்பார்கள், சாப்பிடாதவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெருவெல்லாம் கல் பாவியது. புதுச் செருப்பு, ஷூ வாங்குவதானால் இந்த வாரமே வாங்கிப் போட்டுப் பழகிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் கூச்சப்படாமல் இப்போதே சொன்னால், கோட்டையிலிருந்து டிராமிலேயே திரும்ப ஏற்பாடு செய்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகம்