பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

நீ வீடு மாறியது சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி முழுக்க பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் ஹ்யுகோ நினைப்புதான். அவருடைய மூத்த மகள் 1843இல் சேன் நதியில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தாள், 19 வயது, பயணத்தில் இருந்த தகப்பனுக்கு ஒரு காபிக் கடையில் பேப்பரைப் பிரித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. நீ அந்த ஆற்றங்கரையில் இருட்டினபிறகு தனியாக நடக்காதே. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

நீ அனுப்பிய பாரிஸ் நோத்ர்தாம் படத்தை பால் பூத்தில்கூடக் காட்டினேன். பாழாகிக் கிடந்த கோயில் அது, 1831இல் ஹ்யுகோ எழுதிய நாவல்தான் ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தது, 2019இல் எரிந்தபோதும் ஜனங்கள் அந்த நாவலைத்தான் தேடி வாங்கினார்கள். அதன் வாசலில் என் பிள்ளை நிற்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு போன் போட்டிருக்கலாம்.

தாத்தாவின் 'ஏழைபடும் பாடு' இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, ஹ்யுகோவின் இன்னொரு நாவலைச் சுத்தானந்த பாரதி தமிழாக்கியது. 1950இல் அது படமாக வந்ததைப் பற்றித் தாத்தா பேச ஆரம்பித்தால் நாகையாவை விட்டுவிட்டு போலீஸ்காரராக வந்த சீதாராமனைத்தான் சொல்வார். அந்த ஒரு வேஷத்தால் மனிதர் கடைசிவரை ஜாவர் சீதாராமன் ஆகிவிட்டார். உனக்கும் அண்ணனுக்கும் நான் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டியது பாதிரியார் கட்டம். வெள்ளிச் சாமானைத் திருடிப் பிடிபட்டு வந்தவனிடம், மெழுகுவத்தித் தாங்கியையும் கொடுத்தேனே, ஏன் விட்டுப் போனாய் என்று கேட்பாரே, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் எனக்குக் குரல் கம்மும்.

அண்ணன் அன்று வாசலில் நின்றபோது நான் கதவைத் திறக்கவில்லை. பணத்தை எடுத்தான், உண்மை. திரும்பி வந்து நின்றான், அதுவும் உண்மைதானே. தாழ்ப்பாளுக்குப் போன அம்மா கையைப் பிடித்துத் தடுத்தது நான். நீ மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அதை நான் கண்டேன் பாப்பா, கண்டும் இத்தனை வருஷம் காணாதது போல இருந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. போன வாரம்தான் எடுத்தேன், பாதிரியார் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை.

சரி, பார்சல் அனுப்புகிறோம். வடகம் இரண்டு பேருக்குக் காணும் அளவு அம்மா கட்டியிருக்கிறாள், நான்தான் சொன்னேன். ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே.

அண்ணன் நம்பர் உன்னிடம் இருக்கிறது என்று தெரியும். எனக்கு அனுப்பு.

அப்பா