வாடகை கொடுக்க முடியும், அட்வான்ஸ்தான் இல்லை: நீலகிரி ஆட்சியருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்
உதகை மார்க்கெட் சுற்றுவட்டாரக் கூலித் தொழிலாளர்கள் 14 பேர்,
மார்க்கெட் வாசல் டீக்கடை மேற்பார்வை,
உதகமண்டலம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நீலகிரி மாவட்டம், உதகமண்டலம்.

பொருள்: நிலையான வீடு இல்லாத கூலித் தொழிலாளர்களுக்கு வாடகை முன்பணக் கடனும், பகலிலும் திறந்திருக்கும் தங்குமிடமும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். எழுத ஒரு வீட்டு முகவரி இல்லாததால்தான் மேலே டீக்கடையைப் போட்டிருக்கிறோம். கடைக்காரரிடம் சம்மதம் கேட்டுவிட்டோம்.

எங்களில் பாதிப்பேர் கேரட் அறுவடைக்குப் போகிறவர்கள். நள்ளிரவில் ஜீப்பில் ஏறிக் கேத்தி பாலாடா பக்கம் போவோம். பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றிவிட்டுத் திரும்ப காலை எட்டு, ஒன்பது ஆகிவிடும். ஸ்வெட்டர் கை முழங்கை வரை நனைந்திருக்கும், விரல் மடங்காது. எங்களுக்குத் தூக்கம் வருகிற நேரம் அது. ஆனால் நாங்கள் சாக்கு விரிக்கிற கடை வாசல்களில் ஷட்டர் திறப்பதும் அப்போதுதான். சுருட்டி எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.

இந்த மனுவை எழுதும் நான், எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் லைன் வீட்டில் பிறந்தவன். அப்பாவுக்கு எஸ்டேட் வேலை முடிந்ததும் அந்த வீட்டைக் காலி செய்தோம். அப்புறம் உதகையில் ஓர் அறை எடுத்துக் குடும்பம் நடத்தினேன். 2020 ஊரடங்கில் வேலை நின்றது. வாடகைக்கே அட்வான்ஸ் கழிந்தது. பிறகு உரிமையாளர் அந்த அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிட்டார். மனைவியும் மகளும் இப்போது கோத்தகிரியில் என் அக்கா வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.

எங்கள் கணக்கைத் தயவுசெய்து பாருங்கள். கூலி கிடைத்த நாளில் கட்டில் ஒன்றுக்கு 200 ரூபாய் கொடுத்துப் படுக்கிறோம். மாதம் முழுக்கப் படுத்தால் 6,000. ஒரு சின்ன அறையின் மாத வாடகை 4,000 ரூபாய்தான். ஆனால் சாவி வாங்க 40,000 அட்வான்ஸ் கேட்கிறார்கள். குறைந்த வாடகை கொடுக்க வழியில்லாமல், கூடுதல் வாடகையைத் தினமும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இதில் எங்கே சேமிப்பது?

தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி முன்பணம் பொதுவாக மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது; ஒப்பந்தம் எழுதிப் பதிவும் செய்ய வேண்டும். எங்களைப் போன்றவர்கள் அதைச் சொல்லிக் கேட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள். வாடகை அதிகாரி மூலமாகத் தாங்கள் இதை உரிமையாளர்களுக்குத் தெரியப்படுத்தி, ஒப்பந்தம் போட உதவினால் 40,000 என்பது 12,000 ஆகிவிடும். அந்த 12,000-ஐ மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி வழியாகக் கடனாகக் கொடுங்கள். கட்டிலுக்குக் கொடுக்கும் பணத்தில் மிச்சமாகும் 2,000-ஐ மாதாமாதம் கட்டினால் ஆறு மாதத்தில் அசல் முடிந்துவிடும். ஒருவர் தவறினால் மற்ற பதின்மூன்று பேரும் பொறுப்பு என்று எழுதித் தரத் தயாராக இருக்கிறோம். இலவசம் எதுவும் கேட்கவில்லை.

அதுவரை படுக்க ஓர் இடம் வேண்டும். நகரங்களில் லட்சம் மக்கள்தொகைக்கு ஒன்று வீதம் வீடற்றோர் தங்குமிடம் வேண்டும், அது ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2011 கணக்கெடுப்பில் உதகை நகராட்சியின் மக்கள்தொகை 88,430. லட்சம் வரவில்லை என்று தள்ளிவிடாதீர்கள். 7,000 அடிக்கு மேலே, டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் ஊர் இது. இரவு வேலை பார்ப்பவர் பகலில் தூங்கும்படியான இடமாக, வெந்நீரும், பூட்டு போட்ட ஓர் அலமாரியும் இருந்தால் போதும். அலமாரி ஏன் என்றால், எங்களில் ஒருவருடைய ஆதார் அட்டையும் வங்கிப் புத்தகமும் பையோடு திருட்டுப் போய், நலவாரியப் பதிவு அப்படியே நிற்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு தோழி விடுதிகள் நடத்துவதைப் போல, கூலி வேலை செய்பவர்களுக்கும் நியாயமான வாடகையில் ஒன்று நடத்தலாம்.

இது குறித்து விசாரணைக்கு அழைப்பதாக இருந்தால் மதியத்துக்கு மேல் அழைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். டீக்கடையில் சொல்லி வைத்தால் வந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உதகை மார்க்கெட் கூலித் தொழிலாளர்கள்
(14 பேர் கையொப்பமும் கைநாட்டும் இணைக்கப்பட்டுள்ளன)